‘அதே ஷோதானே?’ – மாஸ்டர் கேசட்டை டிஜிட்டலாக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய லைவ் கேசட்டுகளைத் தரம் குறையாத ஃப்ளாக் ஒலிக்கோப்புகளாக மாற்றித் தருகிறேன் என்று ராக் ரசிகர் வட்டங்களில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளை அனுப்பினேன். திரும்பி வந்த ஹார்ட் டிஸ்கில் அந்தக் கேசட்டுகளில் இருந்த சத்தம் ஒரு நொடிகூட இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வேறு ஆட்களின் பதிவுகளை இறக்கி, பெயரை மாற்றி, கேசட்டுக்கு 18 டாலர் வாங்கியிருக்கிறார். என் பணம் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. கேசட்டுகளில் பாதி இன்னும் வரவில்லை. விவகாரம் முடியாததால் ஆளின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர் செய்த விதம் தெரிவதுதான் முக்கியம். வெறுமனே போட்டுக் கேட்டால் இதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கேசட்டுகள் என்னுடையவை அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அமெரிக்கர் எடுத்தவை. மனிதர் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பைத்தியம். ஓக்லண்ட் கொலிசியம், மவுண்டன் வியூவின் ஷோர்லைன், ஸ்டான்ஃபோர்டு வளாகத்தின் ஃப்ரோஸ்ட் திறந்தவெளி அரங்கம் என்று எண்பதுகளின் நடுவிலிருந்து, 1995இல் அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை, மைக் ஸ்டாண்டையும் சோனி டிசி-டி5எம் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு அலைந்தவர்.

இது திருட்டுப் பதிவு இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. அந்தக் குழு ரசிகர்கள் பதிவு செய்வதை அனுமதித்தது. அனுமதித்தது மட்டுமல்ல, 1984 அக்டோபரில் பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டர் ஷோக்களிலிருந்து டேப்பர்கள் எனப்படும் பதிவெடுக்கும் ரசிகர்களுக்கென்று தனி டிக்கெட்டே விற்றது. அதற்குமுன் நல்ல சத்தம் வேண்டும் என்று ஆளாளுக்கு மிக்ஸருக்கு முன்னால் ஸ்டாண்டை நட்டுவிட, பின்னால் இருப்பவர்களுக்கும் சவுண்டு பார்ப்பவர்களுக்கும் மேடையே தெரியாமல் போனது. அதனால் மிக்ஸருக்குப் பின்னால் ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். வாசித்து முடித்த பிறகு அது ரசிகர்களின் சொத்து என்பதுதான் கார்சியாவின் நிலை. ஒரே நிபந்தனை, காசு கைமாறக் கூடாது. வெற்றுக் கேசட்டும் திரும்பி வரத் தபால்தலையும் அனுப்பினால் முன்பின் தெரியாத ஆள்கூட ராத்திரி உட்கார்ந்து பிரதியெடுத்து அனுப்புவார். எனக்குக் கொடுத்தவரும் அதைத்தான் சொன்னார்: “விற்காதே. எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி போட்டுடு.”

அடுத்து வருவது புரிந்தால்தான் மோசடியும் புரியும். ஒரு ஷோவுக்கு ஒரே பதிவு இருப்பதில்லை. மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது சவுண்ட்போர்டு. கூட்டத்துக்குள் மைக் வைத்து எடுத்தது ஆடியன்ஸ் டேப். அதிலும் பத்து ஸ்டாண்டு நின்றால் பத்துப் பதிவு, பத்தும் வேறு வேறு. ஒன்றில் பாஸ் தூக்கலாக இருக்கும், ஒன்றில் பக்கத்தில் நின்றவர் ஷோ முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார். 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால் ஷோவைத் தேடிப் பாருங்கள், அந்த ஒரு ராத்திரிக்கு எத்தனை வடிவங்கள் சுற்றுகின்றன என்று தெரியும். அதனால்தான் சேகரிப்பவர்கள் ஒவ்வொரு கோப்போடும் வம்சாவளி எழுதுவார்கள். என்ன மைக், என்ன ரெக்கார்டர், மாஸ்டரா (ஷோவில் நேரடியாகப் பதிவான மூலக் கேசட்டா), எத்தனையாவது பிரதி, எந்த டெக்கில் ஓட்டியது, எல்லாம் இருக்கும். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் போகும் ஒவ்வொரு தலைமுறையிலும் இரைச்சல் கூடும், உயர்ந்த சத்தங்கள் தேயும். மாஸ்டருக்கு மதிப்பு அதனால்தான். டெட்டின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த அற்புதமான டேப்புகள் 1986இல் வாடகை பாக்கிக்காகக் கிடங்கிலிருந்து ஏலத்தில் போய்ச் சிதறின. அவற்றைத் தேடிச் சேர்க்கப் பலர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள்.

ஏன் நானே மாற்றவில்லை? கேசட்டை ஓட்டுவது சுலபம், சரியாக ஓட்டுவது வேறு வித்தை. பதிவு செய்த இயந்திரத்தின் ஹெட் என்ன கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் ஓட்டும் இயந்திரத்தின் ஹெட்டும் இருக்க வேண்டும். அசிமத் என்பார்கள். மயிரிழை பிசகினாலும் டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தம் கம்பளிக்குள் போய்விடும். 1982இல் வந்த நகமிச்சி டிராகன் என்ற கேசட் டெக் இதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். ஆனால் பழுதுபார்த்த டிராகன் இன்று ஆயிரக்கணக்கான டாலர். இந்த ஆளின் விளம்பரத்தில் டிராகன் படம் இருந்தது. ‘24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், எந்தத் திருத்தமும் இல்லாத நேரடி மாற்றம்’ என்றிருந்தது. போனில் பேசினேன். கேசட் மாக்ஸெல் எக்ஸ்எல்2 என்றதும் எந்த வருட ஷெல் (பிளாஸ்டிக் கூடு) என்று கேட்டார். டால்பி இரைச்சல் குறைப்பு போட்டதா, போடாததா என்றும் கேட்டார். விஷயம் தெரிந்தவர்தான், அதில் சந்தேகமே இல்லை. விஷயம் தெரியாதவரால் இந்த மோசடியைச் செய்யவே முடியாது.

டிஸ்க் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தது. ஒவ்வொரு ஷோவுக்கும் ஒரு ஃபோல்டர், அழகான வம்சாவளிக் குறிப்பு: மாஸ்டர் கேசட், டிராகன், கன்வெர்ட்டர், ஃப்ளாக். கேட்டால் பிரமாதம். சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் நண்பனிடம் ஒரு பிரதி கொடுத்தேன். இரண்டு ஷோ கேட்டுவிட்டு அவன் போன் செய்தான்.

“மச்சி, கேசட்டுன்னுதானே சொன்னே? 90 நிமிஷக் கேசட்டா?”

“ஆமாடா.”

“அப்ப ஒரு பக்கம் நாற்பத்தஞ்சு நிமிஷம்தானே? முதல் செட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல போகுது. எங்கேயும் வெட்டே இல்லையே. பக்கம் மாத்தாம எப்படிடா எடுத்தாரு உங்க ஆளு?”

கேசட்டுகளை அனுப்பும் முன் அட்டைகளை எல்லாம் படம் எடுத்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால், எந்தப் பாட்டின் நடுவே பக்கம் மாற்றினார், எத்தனை விநாடி போச்சு என்று மனிதர் ஒவ்வொன்றிலும் குறித்திருக்கிறார். சில ஷோக்களில் அந்த இடத்தில் வெட்டே இல்லை. வேறு சிலவற்றில் வெட்டு இருந்தது, ஆனால் வேறு பாட்டில். அதாவது முதல் வகைக்குச் சவுண்ட்போர்டையும், இரண்டாவது வகைக்குப் பக்கத்து ஸ்டாண்டில் நின்ற இன்னொரு டேப்பரின் பதிவையும் போட்டிருக்கிறார். இரண்டாவதுதான் பயங்கரம். அதே அரங்கம், அதே கூட்டம், ஏறக்குறைய அதே தூரம். யாருக்குத் தெரியும்? பதிவு செய்தவருக்குத் தெரிந்தது. ஒரு ஷோர்லைன் ஷோவைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “என் பக்கத்தில் நின்றவன் இருமவே இல்லையே” என்றார்.

பிறகு நண்பன் முறைப்படி தோண்டினான். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தில் கேசட்டின் இரைச்சல் மேலே போகப் போக மெல்லத் தேயும், எங்கும் சுவர் எழுப்பியதுபோல் நிற்காது. 96 கிலோஹெர்ட்ஸில் மாற்றியது என்றால் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் கொஞ்சம் இரைச்சல் இருந்தே தீரும். இவர் கொடுத்தவற்றில் பாதி சரியாக 22க்குக் கீழே கத்தியால் வெட்டினதுபோல் நின்றன. சிடி தரமான 44.1 கோப்பை 96 என்று ஊதிப் பெரிதாக்கினால் வரும் அடையாளம் அது. இன்னும் சில 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே நின்றுவிட்டன, குறைந்த தர எம்பி3இல் வழக்கமாகக் காணும் வெட்டு. அவற்றில் பெரும்பாலானவை சவுண்ட்போர்டுகள். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் 2005 நவம்பர் கடைசியிலிருந்து டெட்டின் சவுண்ட்போர்டுகளைக் கேட்க மட்டுமே முடியும், ஆடியன்ஸ் டேப்புகளை இறக்கிக்கொள்ளலாம். ஆக, முழுத் தரத்தில் இறக்க முடிந்ததை இறக்கியிருக்கிறார், முடியாததற்கு எங்கிருந்தோ எம்பி3 பிடித்து ஃப்ளாக் சட்டை மாட்டியிருக்கிறார். இது என் ஊகம், ஆனால் வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

உறுதியான சான்று அடுத்து வந்தது. ஆர்கைவில் இருக்கும் அதே தேதிப் பதிவை இறக்கி, இவருடைய கோப்பை 44.1க்குக் குறைத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி இரண்டையும் ஒன்றாகக் கலந்தான். சத்தம் அப்படியே அடங்கிப்போனது. ஒரே கேசட்டை ஒரே டெக்கில் இரண்டு தடவை ஓட்டினால்கூட இப்படி அடங்காது, ஏனென்றால் மோட்டாரின் வேகம் ஒவ்வொரு ஓட்டத்திலும் நூலளவு ஆடும். அடங்கினால் இரண்டும் ஒரே டிஜிட்டல் கோப்பிலிருந்து வந்தவை என்று அர்த்தம். ஃப்ளாக் கோப்புக்குக் கைரேகை மாதிரி ஓர் எண் உண்டு. பெயரை மாற்றினாலும் அது மாறாது, 96 ஆக ஊதினால் மாறிவிடும். அந்த ஊதல் விளம்பரத்தில் சொன்ன தரத்தைக் காட்டவும் உதவியது, தடயத்தை அழிக்கவும் உதவியது.

போன் செய்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. “உன் கேசட்டுகள் நிறையத் தேய்ந்திருந்தன. அதே ஷோதானே? அதைவிட நல்ல பதிவாகத் தந்திருக்கிறேன்” என்றார், உதவி செய்த தோரணையில்.

வயிறு எரிந்தது. தாத்தாவின் கல்யாண போட்டோவை ஸ்கேன் செய்யக் கொடுத்தால், அதே மண்டபத்தில் நடந்த வேறு கல்யாணத்தின் தெளிவான போட்டோவைக் கொடுத்துவிட்டு ‘அதே மண்டபம்தானே’ என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த நல்ல பதிவு ஏற்கெனவே எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. யாரிடமும் இல்லாதது இந்தப் பெட்டியில் இருந்ததுதான். நான் கவனிக்காமல் இந்தக் கோப்புகளைப் பொதுவில் ஏற்றியிருந்தால், வேறொரு டேப்பரின் உழைப்பின்மேல் நம் ஆளின் பெயர் போய் உட்கார்ந்திருக்கும். அதைப் பிரதியெடுத்தவர்கள் எல்லாரும் அந்தப் பொய் வம்சாவளியையும் சேர்த்தே பரப்பியிருப்பார்கள். ஒருமுறை சுற்றுக்குப் போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

கேசட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னதும் பேச்சு குறைந்தது. முதலில் உடம்பு சரியில்லை, பிறகு வீடு மாறுகிறேன். கடைசியில் ஒரு பெட்டி வந்தது, பாதிதான். வந்தவற்றிலும் சிலவற்றில் அட்டை பழையது, உள்ளே ஷெல் வேறு. பழைய படங்களோடு ஒப்பிட்டால் திருகாணி, ஜன்னல் வடிவம் எதுவும் பொருந்தவில்லை. மீதி தபாலில் தொலைந்துவிட்டது என்கிறார். அந்தப் பெட்டிக்கு டிராக்கிங் எண் கேட்டால் பதில் இல்லை. கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் ஸ்பெக்ட்ரோகிராம் படங்களோடு புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கினேன். கேசட்டுகளுக்கு வங்கி என்ன செய்யும்? சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம் என்றால், ஆள் இருப்பது வேறு மாநிலம். போனாலும் முதல் கேள்வி ‘பொருளின் சந்தை விலை என்ன’ என்பதாகத்தான் இருக்கும். விற்கவே கூடாது என்ற நிபந்தனையில் வந்த பொருளுக்கு நான் என்ன விலை சொல்வது?

உங்களிடம் மாஸ்டர் இருந்து, வெளியே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரே ஒரு கேசட்டை அனுப்புங்கள், அதுவும் பக்கம் மாறும் இடம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கேசட். வெட்டி ஒட்டி, பாட்டு பாட்டாகப் பிரித்த கோப்பு வேண்டாம். டெக்கின் ப்ளே பட்டன் விழும் சத்தத்திலிருந்து டேப் தீரும்வரை ஒரு பக்கத்துக்கு ஒரே நீளக் கோப்பு கேளுங்கள். அது இல்லாமல் சுத்தம் செய்த கோப்பு மட்டும்தான் தருவேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஷெல்லின் இரண்டு பக்கத்தையும் திருகாணி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கார்டு தவிர வேறு வழியில் பணம் அனுப்பாதீர்கள். முடிந்தால் காரை எடுத்துக்கொண்டு நேரில் போய் டெக் ஓடுவதைப் பாருங்கள். ராக் கேட்காதவர்களும் கவனிக்கலாம். அப்பா சபாவில் மடியில் ரெக்கார்டரை வைத்து எடுத்த டிசம்பர் கச்சேரிக் கேசட்டுகளை இதுபோன்றவர்களிடம் கொடுக்கும் குடும்பங்கள் எனக்கே தெரியும். அதே வித்வானின் வேறு கச்சேரி திரும்பி வந்தால் எத்தனை பேர் கவனிப்பார்கள்?

வராத கேசட்டுகள் எல்லாம் மாக்ஸெல் எக்ஸ்எல்2 90. அட்டையில் பச்சை மை, சின்னச் சின்ன ஆங்கில கேபிடல் எழுத்துகளில் தேதியும் அரங்கமும். உள்மடிப்பில் பக்கம் மாறிய பாட்டும் போன விநாடிகளும் பென்சிலில். 1987 முதல் 1993 வரையிலான ஓக்லண்ட், ஷோர்லைன், ஃப்ரோஸ்ட் ஷோக்கள். இந்த அடையாளத்தோடு யாராவது விற்க வந்தாலோ, பரிமாற்றத்துக்குக் காட்டினாலோ, வாங்கிவிடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அட்டைகளின் படம் எல்லாம் என்னிடம் இருக்கிறது, ஒப்பிட்டுச் சொல்கிறேன்.