பெடாக் செஜுக்கா, கோஜிக் சீரமா, அதிமதுரமா?

ஐப்பசியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். கன்னத்திலும் மோவாயிலும் பரு போன இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. பினாங்கு லிட்டில் இந்தியா, சௌராஸ்தா சந்தை எல்லாம் அலைந்து வாங்கியதை மேசையில் பரப்பி, "சித்தி, இதுல எது வேலை செய்யும்?" என்றாள். எனக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது: அவள் நிறம் எங்கள் அம்மாவின் நிறம், அதில் கைவைக்க வேண்டாம். புள்ளிகளை மட்டும் பார்ப்போம்.

பெடாக் செஜுக் மலாய்க்காரர் வீட்டு மருந்து. அரிசியை வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்து அரைத்து, சொட்டுச் சொட்டாக வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்த மணிகளில் நாலை எடுத்துப் பன்னீரில் போட்டால் உடனே கரைந்து பாலாகிவிடும். முகத்தில் பூசினால் அப்படியொரு குளிர்ச்சி. ஆனால் புளிப்பு வாடை போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுகிறார்களே, புளிப்பில் ஊறிய அமிலமும் அதோடு போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்து. சூட்டுக்கு நல்லது, புள்ளிக்குப் போதாது.

கோஜிக் அமிலமும் புளிப்பில் பிறந்ததுதான். 1907இல் ஜப்பானில் சாய்டோ, அரிசியைப் புளிக்கவைக்கும் கோஜிப் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதிக்குச் செம்பு வேண்டும். இது அந்தச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். மூன்றில் புள்ளிக்குப் பலமானது இதுவே. எரிச்சலும் தரும், அதனால் 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் முக, கைப் பூச்சுகளில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. வெளிச்சம் பட்டால் பழுப்பாகிவிடும். அப்படி நிறம் மாறிய பாட்டிலை வாங்கவே வேண்டாம்.

அதிமதுரத்தை நம் வீட்டில் தண்ணீரில் குழைத்துப் பூசுவோம். அதிலுள்ள கிளாப்ரிடின் என்ற பொருள் டைரோசினேஸை அடக்கக்கூடியதுதான், ஆனால் தண்ணீரில் சரியாகக் கரையாது. புளிக்கவைத்த அதிமதுரச் சாறு வேறு வழியில் உதவும். அதிமதுரத்திலுள்ள லிக்விரிட்டின் போன்ற பொருள்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை நுண்ணுயிர்கள் வெட்டிவிடுவதால், சிறுத்த மூலக்கூறு தோலுக்குள் எளிதாக இறங்கும். கோஜிக் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மெதுவாகத்தான் தெரியும்.

பெட்டியில் பெரிதாகப் போடும் ஆன்டிஆக்சிடன்ட் பலத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஊதா நிற டிபிபிஎச் கரைசல் மஞ்சளாக மாறுவதைச் சோதனைக் குழாயில் அளந்து சொல்வது அது. அதில் ஜெயித்த சாறு டைரோசினேஸையும் அடக்கும் என்று சொல்ல முடியாது. டைரோசினேஸ் சோதனையும் பெரும்பாலும் காளானிலிருந்து எடுத்த நொதியில்தான் நடக்கிறது.

பைக்குள் நாலாவதாக ஒரு சின்ன டப்பாவும் இருந்தது. ஏழே நாளில் வெளுப்பு என்று மட்டும் போட்டிருந்தது. தயாரிப்பாளர் பெயரும் இல்லை, மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் அறிவிப்பு எண்ணும் இல்லை. இந்த மாதிரி க்ரீம்களில்தான் பாதரசம் சிக்குகிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன்.

சரி, கடைசியில் இரவில் கோஜிக், காலையில் சன்ஸ்கிரீன், மத்தியானப் புழுக்கத்துக்குப் பெடாக் செஜுக் என்று முடிவானது. பினாங்கு வெயிலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் எதைப் பூசினாலும் புள்ளி திரும்ப வரும். இப்போது ஆறு வாரம். மோவாயில் மங்கிவிட்டது, கன்னத்தில் இன்னும் இருக்கிறது.