உடுமலைத் தோட்டத்தில் இனிப்புச் சோளம்: இரண்டு விதைப் பொட்டலங்களைப் பற்றிய மதிப்புரை

கடைகளில் ஸ்வீட் கார்ன் என்று விற்கப்படும் இனிப்புச் சோளத்தை வீட்டுத் தோட்டத்தில் விதையிலிருந்து வளர்க்க விரும்பி, இரண்டு பட்டங்களில், அதாவது விதைப்புப் பருவங்களில், இரண்டு வேறு இடங்களிலிருந்து விதை வாங்கினேன். முதலாவது, இணையக் கடை ஒன்றில் 70 ரூபாய்க்குக் கிடைத்த 50 விதைகள் கொண்ட சிறு உறை. இரண்டாவது, எங்கள் ஊர் உரக்கடையில் 280 ரூபாய்க்கு வாங்கிய 100 கிராம் வீரிய ஒட்டு (ஹைபிரிட்) விதைப் பொட்டலம். முதலாவதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் நல்ல விதையை விற்கிறவர்கள்கூட, வீட்டுத் தோட்டக்காரருக்கு இன்றியமையாத மூன்று செய்திகளைப் பொட்டலத்தில் அச்சிடாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். அந்த மூன்றையும் நான் ஒரு பட்டத்தை இழந்துதான் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

இணையக் கடை உறையில் பளபளப்பான கதிரின் படமும், நாற்பது வகைக் காய்கறிகளுக்கும் பொதுவாக எழுதப்பட்ட நான்கு வரிக் குறிப்பும் இருந்தன. குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதனை செய்த நாள், முளைப்புத்திறன், காலாவதி நாள் ஆகிய எதுவும் இல்லை. யாரோ மூட்டையாக வாங்கிச் சிறு உறைகளில் பிரித்து அடைத்த விதை அது. புரட்டாசியில் ஊன்றிய 50 விதைகளில் 19 மட்டுமே முளைத்தன. உரக்கடைப் பொட்டலத்திலோ உண்மை நிலை விதைக்குரிய, அதாவது தரத்துக்கு விற்பவரே பொறுப்பேற்கும் விதைக்குரிய, இளம்பச்சை அட்டை இருந்தது. அதில் குவியல் எண்ணும் பரிசோதனை நாளும் தெளிவாக அச்சாகியிருந்தன. விதையின் தரத்தை வாங்குபவர் அட்டையைப் பார்த்தே அறிய வேண்டும் என்பதற்காகத்தான் 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் இயற்றப்பட்டது. பத்து செடி வளர்ப்பவருக்கும் அந்த உரிமை உண்டு என்பதே என் எண்ணம். இந்த முறை ஊன்றுவதற்கு முன்னால் 20 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாளில் 18 முளை விட்டிருந்தன.

முதல் உறையின் தோல்வியில் என் பங்கும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. இனிப்புச் சோள விதையை முதன்முதலாகக் கையில் கொட்டிப் பார்ப்பவர்கள், கெட்டுப்போன விதையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். மக்காச்சோள விதையைப்போல உருண்டு திரண்டிராமல், வற்றிய திராட்சை போலச் சுருங்கி, ஒரு பக்கம் குழிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோலக் கசியும் மணிகள் அவை. இன்று விற்பனையில் இருக்கும் மிகு இனிப்பு ரகங்களில் சர்க்கரை மாவுச்சத்தாக மாறும் வழியில் ஒரு மரபணு செயலிழந்திருக்கிறது. அதனால் மணி பிஞ்சாக இருக்கும்போது இனிக்கிறது. காய்ந்ததும் உள்ளே நிறைந்திருக்க வேண்டிய மாவு இல்லாமையால் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்ற மரபியலாளர் 1950களில் இந்தச் சுருங்கிய மணிகளின் இனிப்பைக் கண்டறிந்து எழுதியதிலிருந்துதான் இந்த ரகங்கள் பிறந்தன. சேமிப்பு மாவு குறைவான விதை என்பதால் இதற்கு முளைக்கும் வலிமையும் குறைவு. அவரையை ஊறவைக்கும் பழக்கத்தில் இதையும் நான் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டேன். பூசணம் வராமலிருக்கப் பூசியிருந்த இளஞ்சிவப்பு மருந்து கரைந்து தண்ணீரெல்லாம் சிவந்தது, மண்ணுக்குள் போன விதைகளில் பல அழுகின. ஊறவைக்காமல், ஓர் அங்குல ஆழத்தில், ஈரமான, ஆனால் நீர் தேங்காத மண்ணில் ஊன்ற வேண்டும் என்ற ஒரு வரியை உறையில் அச்சிட்டிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். மருந்து பூசிய விதை மிஞ்சினால் அதைக் கோழிக்கும் போடக் கூடாது.

அச்சிடாமல் விட்ட இரண்டாவது செய்தி, நடும் முறை. பிழைத்த 19 செடிகளையும் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரே வரிசையில் வளர்த்தேன். செடிகள் ஆளுயரம் வளர்ந்து, உச்சியில் ஆண் பூக்கொத்தும் இடையில் கதிரும் விட்டபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மட்டையை உரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கதிரும் பாதிக்குமேல் பொக்கையாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, ஒத்த வரிசையா நட்டா எப்படிங் மணி பிடிக்கும்? கூட்டமா நடோணும்" என்றார். கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணியோடு இணைந்தது. அந்த இழையில் மகரந்தம் விழாவிட்டால் அந்த மணி இல்லை. மகரந்தத்தைச் சுமப்பது காற்று என்பதால், ஒற்றை வரிசையில் அது பக்கவாட்டில் பறந்து வீணாகிவிடுகிறது. இரண்டாம் முறை பத்தடிக்குப் பத்தடிப் பாத்தியில் இரண்டடி இடைவெளியில் ஐந்து வரிசைகள், வரிசைக்குப் பன்னிரண்டு செடிகள் என்று 60 செடிகள் வைத்தேன். பூத்த நாள்களில் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் செடிகளின் தண்டை மெல்லத் தட்டிவிட்டேன். மஞ்சள் தூள் புகைபோல இறங்கி இலைக் கணுக்களில் படிந்தது. சில நாள் கழித்து ஒரு பிஞ்சுக் கதிரின் மட்டையைக் கவனமாக விரித்து, கதிரைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாக உதறிப் பார்த்தேன். மகரந்தம் சேர்ந்த மணியின் இழை தானாகக் கழன்று விழும், சேராததன் இழை ஒட்டிக்கொண்டே இருக்கும். நுனியில் இருந்த சில இழைகளைத் தவிர மற்றவையெல்லாம் உதிர்ந்துவிட்டன.

மூன்றாவது செய்தி எங்கள் பகுதிக்கு மிகவும் முக்கியமானது. உடுமலை வட்டாரத்தில் கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் பரவலாகப் பயிராகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிறார்கள். என் முதல் பயிரும் அதே நேரத்தில் பூத்ததால், அண்டை வயல்களின் மகரந்தம் என் கதிர்களில் விழுந்தது. இனிப்பு ரகத்தின் பண்பு ஒடுங்கு பண்பு, அதாவது மற்ற ரகத்தின் பண்பு சேர்ந்தால் வெளிப்படாமல் மறைந்துவிடுவது என்பதால், மக்காச்சோள மகரந்தம் பட்ட மணி அந்தப் பருவத்திலேயே மாவாகிவிடுகிறது. வேகவைத்துக் கடித்தபோது ஓரிடம் இனித்தது, அடுத்த இடம் சப்பென்று இருந்தது. இரண்டு கதிர்களைச் செடியிலேயே காயவிட்டுப் பார்த்தேன். ஒரே வரிசையில் வற்றிச் சுருங்கிய மணியும் திரண்டு மின்னும் மணியும் அருகருகே நின்றன. திரண்டவை அத்தனையும் வயலிலிருந்து வந்த மகரந்தத்தால் உருவானவை. ஆகவே இரண்டாம் விதையைத் தைப் பட்டத்தில், சுற்றியுள்ள வயல்களில் அறுவடை முடியும் தறுவாயில் ஊன்றினேன். மக்காச்சோள வயல்களுக்கு அருகே இருப்பவர்கள் பூக்கும் காலம் குறைந்தது மூன்று வாரமாவது விலகும்படி விதைக்க வேண்டும்.

உரத்தைப் பொறுத்தவரை சோளம் பெருந்தீனிக்காரப் பயிர். அடியுரமாக மட்கிய தொழுவுரம், இருபத்தைந்தாம் நாளிலும் நாற்பத்தைந்தாம் நாளிலும் ஊறிய கடலைப் பிண்ணாக்குக் கரைசல், அத்துடன் தண்டின் அடியில் மண் அணைப்பு ஆகியவை எனக்குப் போதுமானவையாக இருந்தன. பூக்கும் காலத்தில் மட்டும் ஒரு நாள்கூட வாடவிடக் கூடாது. முளைத்த முதல் வாரத்தில் மயில்கள் நாற்றைக் கொத்திப் பிடுங்கியதால் பாத்திக்கு மேல் வலை விரித்தேன். பெரிய எதிரி படைப்புழு. 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு விரைவில் தமிழ்நாட்டுக்கும் பரவிய இந்தப் புழு, குருத்துக்குள் புகுந்து, நனைந்த மரத்தூளைப்போன்ற எச்சத்தைத் தள்ளுகிறது. தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடும், வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அதுதான். தினமும் மாலையில் விளக்குடன் போய்க் கையால் பொறுக்கினேன், குருத்தில் ஒரு சிட்டிகை உலர்ந்த மணல் போட்டேன், வாரம் ஒருமுறை ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தேன். நான்கு செடிகளை இழந்தேன். இந்தப் புழுவைப் பற்றியும் இரண்டு பொட்டலங்களிலும் ஒரு சொல் இல்லை.

பட்டு வெளிவந்த இருபதாம் நாள், இழைகள் பழுப்பாகிக் காய்ந்திருந்தபோது, ஒரு மணியை நகத்தால் குத்திப் பார்த்தேன், பால் தெறித்தது. தண்ணீராகத் தெளிந்து வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், மாவாக வந்தால் காலம் கடந்துவிட்டது. சித்திரை முதல் வாரத்தில் நல்ல கதிர்கள் 52 கிடைத்தன. அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு பறித்து, மட்டை உரித்து, ஐந்து நிமிடம் மட்டும் வேகவைத்தோம். உப்போ வெண்ணெயோ தேவைப்படவில்லை. மணியின் தோல் பல்லில் சிக்காமல் விட்டது. அந்த இனிப்பு இரண்டு மூன்று நாள் பயணம் செய்து கடைக்கு வரும் கதிரில் எனக்குக் கிடைத்ததில்லை.

அச்சிடாமல் விட்டவற்றைத் தவிர, உரக்கடைப் பொட்டலத்தின் ஒரே குறை அளவு. 100 கிராமில் சுமார் 700 விதைகள் இருந்தன. குழிக்கு இரண்டாக ஊன்றியும் என் பாத்திக்கு 120 போதும். மீதியைக் காற்றுப் புகாத புட்டியில் வைத்திருந்து எட்டு மாதம் கழித்து ஈரத்துணியில் சோதித்தபோது இருபதில் 11 மட்டுமே முளைத்தன. வீரிய ஒட்டு என்பதால் நம் கதிரிலிருந்து விதை எடுத்தாலும் அதே தரம் வராது. அதனால் வரும் தைக்கு எங்கள் தெருவில் தோட்டம் வைத்திருக்கும் நான்கு வீட்டாரும் சேர்ந்து, அட்டையில் பரிசோதனை நாளைப் பார்த்து, ஒரே பொட்டலமாக வாங்கிப் பகிர்ந்துகொள்வதாகப் பேசியிருக்கிறோம்.