தட்டைப்புழுவோடு இரண்டு ஆண்டுகள்

பெரம்பூர் வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் காளான் பவளம், சோவாந்தஸ் போன்ற கல்கூடு இல்லாத உயிர்கள் மட்டும்தான். கொளத்தூரில் வாங்கிய சோவாந்தஸ் கல்லோடு புழுவும் வந்துவிட்டது. தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும், ஆசை விடவில்லை.

முதலில் கண்ணாடியில் துருப்பொட்டுப் போல நாலைந்து. உருப்பெருக்கியில் பார்த்தால் பின்பக்கம் மூன்றாகப் பிரிந்த வால். இந்தச் செம்புழு பவளத்தைக் கடிப்பதில்லை. உடலுக்குள் பாசியை வளர்த்து வெளிச்சத்தில் பிழைப்பதால், விளக்குக்கு நேர்கீழே உள்ள காளானின் மேல் பாய்போல் படர்ந்துவிடுகிறது. வெயில் மறைந்த செடிபோலக் காளான் சுருங்கிப்போகிறது. தாயின் உடலிலேயே குட்டி அரும்பிப் பிரிவதால், மிஞ்சிய ஒன்றே மீண்டும் தொட்டியை நிரப்பிவிடும்.

புழுவைத் தின்னும் என்று நம்பி, சிக்ஸ்லைன் ராஸ் மீனைத் தொட்டியில் விட்டேன். சில நாள் கொத்தியது. பிறகு தீனிப் பொட்டலத்தின் சத்தத்துக்குத்தான் திரும்பியது.

அடுத்து சாலிஃபெர்ட் நிறுவனத்தின் ஃப்ளாட்வார்ம் எக்சிட் என்ற தட்டைப்புழு மருந்து. மருந்தில் குறையில்லை, அவசரம் என்னுடையது. புழுக்களை முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சாகும் புழு நஞ்சைக் கக்கும். நான் அப்படியே ஊற்றினேன். அதுவும் கத்திரி வெயிலில். சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அரை மணி நேரத்துக்குள் புழுக்கள் சுருண்டு மிதந்தன, தண்ணீர் வெற்றிலை எச்சில் நிறத்துக்கு மாறியது. மாலைக்குள் ஒரு கோமாளி மீன் போய்விட்டது.

இரண்டாம் முறை பத்து நாள் உழைத்தேன். மதியம், விளக்கு உச்சத்தில் இருக்கும்போது அவை வெளியே வந்து கூடும். காற்றுக்குழாயால் உறிஞ்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நீரைத் தொட்டிக்கே திருப்பினேன். "மெரினா பக்கத்திலேயே இருக்க, உப்பைக் காசு கொடுத்து வாங்குகிறவன் நீ ஒருவன்தான்" என்று அம்மா நொந்துகொள்வார். அந்த உப்பின் விலை தெரிந்தால் வடிகட்டுவதில் உள்ள அக்கறையும் புரியும். துணியில் புழு அரிதான பிறகே மருந்து. புழுக்கள் சுருண்டதும், நஞ்சை உறிஞ்சப் புதிய கரி போட்டு, முன்பே கலந்து வைத்த உப்புநீரால் தண்ணீரை மாற்றினேன். இம்முறை மீன் எதுவும் சாகவில்லை.

இப்போது புதிய கல் எதுவும் மருந்து கலந்த கிண்ணத்தில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போகிறது. போன மாதம் மூலைப்பாறையின் விளிம்பில் ஒரு துருப்பொட்டு தெரிந்தது. அன்று மதியமே குழாயை எடுத்துவிட்டேன்.