ஐந்து ரோடு ஸ்டிக்கர் கடை: தாராளமாகப் போகலாம்

ஏற்காட்டுக்கு டாக்ஸி ஓட்டுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் வெயிலும் பனியும் மாறி மாறி அடித்தால் மட்டமான ஸ்டிக்கர் ஓரத்தில் சுருண்டுவிடும். சேலம் ஐந்து ரோடு பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்தக் கடையில் ஒட்டியது அப்படியே இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் இழுத்து, கதவு மடிப்பில் ஹீட் கன் காட்டி உட்காரவைத்தார்கள். ஒரு குமிழ் இல்லை.

சுவரெல்லாம் ரேஸ் கார் படங்கள். கடைக்கார அண்ணனுக்கு அந்த உலகம் அத்துப்படி. 2003-இல் அமெரிக்க செனட்டர் பாப் கிரஹாம், அதிபர் தேர்தலுக்காக கிராமத்து ஓட்டுகளைக் குறிவைத்து நாஸ்கார் என்ற அமெரிக்க வண்டிப் பந்தயத்தில் ஓடும் டிரக் ஒன்றுக்கு ஸ்பான்சர் ஆனாராம். வண்டி கான்சஸில் நடந்த பந்தயத்தில் ஜெயித்தது. அவரோ அக்டோபரிலேயே அதிபர் போட்டியிலிருந்து விலகிவிட்டார். ஓட்டுக் கேட்க வண்டி மட்டும் போதாது என்பதுதான் என் கருத்தும்.

இங்கே எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் ஒரே விலை, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய சின்னத்தை உரித்தால் பெயிண்டுக்குச் சேதமில்லாமல் பசையையும் துடைத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் தேர்தல் நேரத்தில் வேலை தாமதமாகும். அப்புறம், வண்டி நிறுத்த இடம் குறைவு, காலையிலேயே போய்விடுங்கள்.