ஒன்பது மாதமும் ஒரே எண்கள்: நீச்சல் குளப் பராமரிப்பில் நாங்கள் ஏமாந்த கதை

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தை ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்து, ஒன்பது மாதங்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பணம் செலுத்தி, கடைசியில் குளத்துக்குப் பூட்டுப் போட வேண்டிய நிலைக்கு வந்து நின்றோம். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். இதே பாணியில் தொழில் செய்பவர்கள் அவர்கள் மட்டுமே அல்ல என்று எனக்குத் தோன்றுவது இன்னொரு காரணம். சங்கத்தின் செயற்குழுவில் குளத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது என்பதால், ஏமாற்றியவர்களைப் பற்றி எழுதும்போது ஏமாந்தவனைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அத்தனை மாதங்களில் ஒருமுறைகூடத் தண்ணீர் கலங்கவில்லை; நாங்கள் ஏமாந்ததும் அதனால்தான். கரையில் நின்று பார்த்தால் ஆழப் பகுதியின் தரை ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். வாரத்துக்கு இருமுறை அவர்களுடைய பணியாளர் ஒருவர் வருவார். வலையால் சருகுகளை அள்ளுவார், மிதவையில் வெள்ளை மாத்திரைகளைப் போடுவார், சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சில சொட்டு மருந்து விடுவார், அது மஞ்சளானதும் என்னிடம் உயர்த்திக் காட்டி, "குளோரின் நல்லா இருக்கு சார்" என்பார். பிறகு பதிவேட்டில் பிஎச் (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல் என்று பொருள்) 7.4, குளோரின் 2.0 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) என்று எழுதிக் கையெழுத்திடுவார். நானும் அதன் கீழே கையெழுத்திட்டு வந்தேன்.

நான்காவது மாதத்திலிருந்து முறையீடுகள் வரத் தொடங்கின. குழந்தைகளுக்குக் கண் சிவந்தது; இரண்டு வீடுகளில் காதுவலி என்று மருத்துவரிடம் போனார்கள்; குளத்தருகே போனாலே மூக்கைத் துளைக்கும் நெடி. நிறுவனத்தின் மேற்பார்வையாளரை அழைத்துக் கேட்டபோது, குளோரின் சற்றுத் தூக்கலாக இருப்பதால் வரும் நெடிதான் அது, நெடி இருக்கும்வரை கிருமி இருக்காது என்று அடித்துச் சொன்னார். உண்மை இதற்கு நேர்மாறானது என்பது எனக்கு அப்போது தெரியாது. வியர்வை, சிறுநீர், உடலழுக்கு ஆகியவற்றோடு குளோரின் சேரும்போது குளோரமின் என்ற சேர்மங்கள் உண்டாகின்றன. கண்ணை எரிப்பதும் நெடி அடிப்பதும் அவைதான். நெடி மிகுந்த குளத்தில் கிருமியைக் கொல்லும் குளோரின் பெரும்பாலும் போதாமல்தான் இருக்கும். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் தினமும் காலையில் நீந்துபவர். அவருடைய தும்பைப்பூ போன்ற வெள்ளைத் தலைமுடியில் ஒரு பச்சைச் சாயல் ஏறியது. மேற்பார்வையாளர் அதற்கும் பதில் வைத்திருந்தார்: பெரியவர் பூசும் தைலம்தான் காரணமாம்.

பதிவேட்டை நான் ஒழுங்காகப் படித்தது ஒரு தற்செயல். ஒன்பதாம் மாதம் மோட்டார் எரிந்து, காயில் கட்டுவதற்காகக் கழற்றிக்கொண்டு போனார்கள். மூன்று நாட்கள் மோட்டார் இருந்த இடத்தில் இரண்டு குழாய் முனைகளும் ஒரு சாக்குத் துணியும் மட்டுமே இருந்தன. பழுதுச் செலவைக் குறித்துக்கொள்வதற்காகப் பதிவேட்டைப் புரட்டியபோது, அந்த மூன்று நாட்களில் நடுநாளின் வரிசையில், "பேக்வாஷ் செய்யப்பட்டது, ஃபில்டர் அழுத்தம் 12 பிஎஸ்ஐ, சரி" என்று எழுதியிருந்தது. பேக்வாஷ் என்பது மோட்டாரால் தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி ஃபில்டரிலுள்ள மணலைக் கழுவுவது. மோட்டாரே இல்லாமல் எந்தத் தண்ணீர் எந்த மணலைக் கழுவியிருக்கும்? பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினேன். மழை கொட்டிய வாரத்திலும் 7.4, 2.0. விடுமுறையில் குளம் நிரம்பி வழிந்த வாரத்திலும் 7.4, 2.0. முன்னோக்கித் திருப்பியபோது, இன்னும் பிறக்காத நான்கு தேதிகளுக்கும் அதே எண்கள், அதே பேனாவில், முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன.

அதன் பிறகு நானே ஒரு பரிசோதனைப் பெட்டி வாங்கினேன். அவர்கள் பயன்படுத்திய மஞ்சள் நிறச் சோதனைக்கு ஓடிஓ என்று பெயர்; அது தண்ணீரிலுள்ள மொத்தக் குளோரினைக் காட்டுமே தவிர, வேலை செய்யக்கூடிய தனிக் குளோரின் எவ்வளவு, ஏற்கெனவே குளோரமினாக மாறிப் பயனற்றுப்போனது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. நான் வாங்கியது இளஞ்சிவப்பு நிறம் தரும் டிபிடி சோதனை. தனிக் குளோரினைக் காட்டும் முதல் மாத்திரையைக் கரைத்தபோது நிறம் வந்ததா இல்லையா என்று வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அட்டையோடு ஒப்பிட்டால் அரை பிபிஎம்முக்கும் கீழே. அதே குழாயில், மொத்தக் குளோரினைக் காட்டும் மூன்றாம் எண் மாத்திரையைச் சேர்த்ததும் நிறம் அடர்ந்து இரண்டைத் தொட்டது. ஆக, 2.0 என்பது முழுப் பொய்கூட இல்லை. அதில் முக்கால்வாசிக்கு மேல் செத்த குளோரின், அவ்வளவுதான். பிஎச் சோதனையில் தண்ணீர் சிவப்புக்கே வராமல், அட்டையின் கடைசிக் கட்டமான 6.8இன் மஞ்சளிலேயே நின்றுவிட்டது. இருக்க வேண்டியது 7.2 முதல் 7.8 வரை. ஓடுகளுக்கு இடையிலான பூச்சு உதிர்ந்ததற்கும் ஏணிப்படியில் துரு ஏறியதற்கும் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

எனக்கு உண்மையில் தூக்கிவாரிப்போட்டது சயனூரிக் அமிலச் சோதனைதான். வெயிலில் குளோரின் சில மணி நேரத்தில் அழிந்துபோகாமல் காப்பதற்காக இந்த அமிலம் ஓரளவு தேவைப்படுகிறது. 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் போதும். ஆனால் மிதவையில் அவர்கள் போட்டுவந்த வெள்ளை மாத்திரை ட்ரைகுளோர் என்ற குளோரின் வகை; அது ஒரு கிலோ கரைந்தால், அதில் பாதிக்கும் மேற்பட்ட எடை சயனூரிக் அமிலமாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். அது ஆவியாவதில்லை, வடிகட்டியில் சிக்குவதுமில்லை. பழைய தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டால்தான் குறையும். அது ஏற ஏற, இருக்கும் கொஞ்சக் குளோரினும் கிருமியைக் கொல்வதில் மந்தமாகிவிடும். சோதனைக் குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். மருந்து கலந்து வெண்மையாகிய தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே போய், புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுவே அளவு. கோடுகளின் எண்கள் மேலே போகப் போகக் குறையும்; 100தான் அடிக்கோடு. எங்கள் தண்ணீரில் அந்த 100 என்ற கோட்டை எட்டுவதற்கு முன்பே புள்ளி மறைந்துவிட்டது, அதாவது அளவு நூறுக்கும் மேல். சம அளவு குழாய்த் தண்ணீர் கலந்து மறுபடி செய்து, வந்த எண்ணை இரட்டித்தபோது 180. ஒன்பது மாதங்களில் ஒருமுறைகூட இதை அளந்ததாகப் பதிவேட்டில் இல்லை. அதற்கான கட்டமே அச்சிடப்பட்டிருக்கவில்லை.

அப்படியானால் தண்ணீர் எப்படித் தெளிவாக இருந்தது என்ற கேள்விக்கு மோட்டார் அறை பதில் சொன்னது. மூலையில் படிகாரம் ஒரு மூட்டை, மயில்துத்தம் அரை மூட்டை. படிகாரம் மிதக்கும் தூசியைத் திரட்டி அடியில் படியவைக்கும். மயில்துத்தம் பாசியை அடக்கித் தண்ணீருக்கு அழகான நீலத்தையும் கொடுக்கும். இரண்டுக்கும் அளவோடு பயன் உண்டு. ஆனால் படிகாரம் ஒரு கிருமியையும் கொல்லாது, மயில்துத்தம் குளோரினின் வேலையைச் செய்யாது. பெரியவரின் தலையில் ஏறிய பச்சை, மயில்துத்தத்திலுள்ள செம்பின் பச்சை. தைலத்தின் மீது பழி போட்டதற்காக அவரிடம் யாரும் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அதே அறையில் ட்ரைகுளோர் மாத்திரை வாளியும் ப்ளீச்சிங் பவுடர் வாளியும் மூடியில்லாமல் அருகருகே இருந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஈரக் கரண்டி. மேலே பலகையில் அமிலக் கேன், சற்றே கசிந்தபடி. இந்த இரு குளோரின் வகைகளும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் கூடும். அமிலம் சொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். அந்தச் சுவருக்கு மறுபுறம்தான் குழந்தைகள் உடை மாற்றும் அறை.

மறுநாள் மோட்டார் திரும்பி வந்தது. அதை இயக்குவதற்கு முன், நானே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழப் பகுதியில் இறங்கி அடியிலுள்ள உறிஞ்சுவாயின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். நான்கு திருகுகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. எதிர்முனையைத் துருப்பிடித்த கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள். விரலால் தூக்கினால் மூடி எழும்பியது. மோட்டார் ஓடும்போது அந்த வாயில் ஒரு குழந்தையின் முடியோ கையோ சிக்கினால், பெரியவர்கள் இழுத்தாலும் விடுவிக்க முடியாமல் போகலாம். பதிவேட்டில் அந்த வாரத்துக் கட்டத்தில் "பாதுகாப்புச் சோதனை: சரி" என்றிருந்தது. அன்றைக்கே குளத்தைப் பூட்டினோம்.

ஒப்பந்தத்தைத் திருப்பிப் பார்த்தபோது எங்கள் முட்டாள்தனமும் எழுத்தில் இருந்தது. "மாதாந்திரப் பராமரிப்பு" என்ற இரண்டு சொற்களைத் தவிர, எதை அளக்க வேண்டும், எந்த வரம்புக்குள் வைக்க வேண்டும், எந்த மருந்தை எவ்வளவு போட்டார்கள் என்று யாரிடம் காட்ட வேண்டும் என எதுவும் அதில் இல்லை. இப்போது புதிதாக வந்திருப்பவர்களிடம் தனிக் குளோரின், மொத்தக் குளோரின், பிஎச், காரத்தன்மை, சயனூரிக் அமிலம் ஆகியவற்றை எங்கள் உறுப்பினர் ஒருவர் உடனிருக்க டிபிடி பெட்டியால் அளக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். ஃபில்டர் கழுவிய உடனே காட்டும் அழுத்தத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், கழுவி வெளியேறும் தண்ணீரைக் காட்டும் கண்ணாடியில் அது தெளியும்வரை. பதிவேடு மோட்டார் அறையில் இருப்பதில்லை, காவலரிடம் இருக்கிறது.

குளத்தை மீட்க, பாதித் தண்ணீரை வெளியேற்றி நிரப்பியதில் சயனூரிக் அமிலம் 180 என்பது 90 ஆனது. மறுபடி பாதியை மாற்றியதில் 45க்கு இறங்கியது. ஒரே மூச்சில் காலி செய்யாததற்குக் காரணம், நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் காலிக் குளம் அடியிலிருந்து தள்ளப்பட்டு விரிசல் விடக்கூடும் என்பது. அவ்வளவு தண்ணீர் வீணானது வயிற்றெரிச்சல்தான்.

பழைய நிறுவனம் கடைசி மாதத் தொகையைக் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. மோட்டார் இல்லாத நாளின் பேக்வாஷ் பக்கத்தையும், வராத தேதிகளுக்கு எழுதிய பக்கத்தையும் நகலெடுத்து, காயில் கட்டிய பட்டறையின் ரசீதையும் இணைத்துப் பதில் அனுப்பியிருக்கிறோம். ஆறு வாரங்களாகின்றன, அதற்குப் பதில் இல்லை.