பாம்பன் தீவில் மனை வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

ராமேசுவரம் பக்கம் கடற்கரை மனை என்று விளம்பரம் செய்யும் ஒரு மனை விற்பனை நிறுவனத்திடம் என் தாயாரின் 6,40,000 ரூபாய் சிக்கிக் கிடக்கிறது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபோது அவர் கைக்கு வந்த பணத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். நேற்றும் அந்த அலுவலகத்து வாசலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். வழக்கறிஞர் சொன்னதால் நிறுவனத்தின் பெயரை இப்போது எழுதவில்லை. அவர்கள் விற்கும் முறையை எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

அவர்களுடைய பேச்சு எப்போதும் புதிய பாம்பன் பாலத்திலிருந்துதான் தொடங்கும். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் நின்றுபோன ரயில், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகு மீண்டும் தீவுக்குள் வருகிறது என்பது உண்மை. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பின் தனுஷ்கோடிக்குச் சுற்றுலா வாகனங்கள் பெருகியதும் உண்மை. கோயிலைச் சுற்றி விடுதி கட்டுவதற்கு இடம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. இத்தனை உண்மைகளையும் முன்னால் அடுக்கிவிட்டு, இவை எதனாலும் வீட்டுமனையாக மாற முடியாத கடலோர மணல்வெளியில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை நட்டு, இரண்டே வருடத்தில் விலை இரண்டு மடங்காகும் என்று சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள்.

என் தாயார் நம்பியது பாலத்தை வைத்து அல்ல, தண்ணீரை வைத்து. தீவில் நல்ல தண்ணீர் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரியும். மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காகத் தங்குவதுதான் அங்கே நிலத்தடி நீர், கொஞ்சம் அதிகமாக இறைத்தாலும் உவர்ப்பு ஏறிவிடும். அதையே அவர் கேட்டார். விற்பனையாளர் உடனே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மனையின் மூலையில் இருந்த குழாயைத் திறந்து, எவர்சில்வர் தம்ளரைக் கழுவி நிறையப் பிடித்து, "நம்ம மனை போர் தண்ணிம்மா, குடிச்சுப் பாருங்க" என்று இரண்டு கைகளாலும் நீட்டினார். தண்ணீர் இனிப்பாகவே இருந்தது. அன்று மாலையே முன்பணம் 6,40,000 ரூபாய் அவர்கள் கணக்குக்குப் போனது. அந்தக் குழாய்க்குப் பின்னால் இருந்த தொட்டிக்கு லாரியில் தண்ணீர் வருகிறது என்று பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் பின்னர் சொன்னார்.

மீதித் தொகைக்குக் கடன் கேட்டபோது வங்கியின் வழக்கறிஞர் மனைப்பிரிவு அங்கீகார எண்ணைச் சரிபார்த்தார். வரைபடத்தின் அடியில் முத்திரையோடு அச்சிட்டிருந்த அந்த எண், வேறொரு கிராமத்தில் உள்ள வேறொரு மனைப்பிரிவுக்குக் கொடுக்கப்பட்டது. எங்களுக்குக் காட்டிய புல எண்ணுக்குரிய நிலமோ, பெரிய ஓதத்தின்போது கடல்நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அந்தக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு உட்பட்டது. 2011-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி ஊரகப் பகுதியில் முதல் 200 மீட்டர் புதிய கட்டுமானம் கூடாத பகுதி. இதெல்லாம் தெரியாமலா அவர்கள் கல் நட்டிருப்பார்கள்?

பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து தினம் ஒரு பதில். கோப்பு சென்னையில் இருக்கிறது, முதலாளி வெளியூரில் இருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை போனால், மனையை வேறொருவருக்கு மாற்றிவிட்டு அந்தப் பணத்தில் தருகிறோம் என்றார்கள். அதாவது, இன்னொரு குடும்பத்தை ஏமாற்றி எங்களுக்குத் தருவார்களாம்! இதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமே இல்லை. கடைசியில், முன்பணம் திருப்பித் தரும் வழக்கம் தங்களிடம் இல்லை என்று வரவேற்பறைப் பெண்ணைக் கொண்டு சொல்ல வைத்தார்கள். தம்ளரை நீட்டியவர் இப்போது கைப்பேசியை எடுப்பதே இல்லை. 6,40,000 ரூபாய்க்கு எங்களிடம் இருப்பது ஒரு ரசீதும், பதிவு செய்யாத ஒப்பந்தமும்தான்.

விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை. நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள், வீடு கட்டலாமா கூடாதா என்பதை அது சொல்லாது. அங்கீகார எண்ணை நகர் ஊரமைப்பு அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனையைப் பத்திரப்பதிவு செய்வதைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய மறுக்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், தமிழ்நாட்டில் 2012 முதல் அதைப் பதிவு செய்தாக வேண்டும். மாவட்டக் குற்றப்பிரிவில் நாளை புகார் கொடுக்கிறேன். தீவில் இதே மாதிரி மஞ்சள் கல் மனைக்குப் பணம் கட்டியவர்கள் ரசீதை எவரிடமும் திருப்பிக் கொடுக்காமல் எனக்கு எழுதுங்கள், புகாரைச் சேர்ந்து கொடுக்கலாம்.