கிண்ணமா, கடிகாரமா, வயிறா: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ‘போதும்’ என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

எனக்கு ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. அக்காவுக்குப் பைபாஸ் (வயிற்றின் மேலே ஒரு சின்னப் பையை உருவாக்கி, அதை நேராகக் குடலோடு இணைப்பது) முடிந்து நான்கு வருடம். “இப்போ எவ்வளவு சாப்பிடுறீங்க?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்களுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது, எந்த வாயோடு நிறுத்துவது என்பதுதான்.

வயிறு நிறைந்தால் தெரியாதா என்று நினைக்கலாம். பழைய மாதிரி தெரியாது. முன்பெல்லாம் ஏப்பம் வரும், இடுப்புத் துணி இறுகும், நிறைந்துவிட்டது என்று புரியும். ஸ்லீவில் வயிற்றில் 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய், ஏறக்குறைய 100 முதல் 150 மி.லி. கொள்ளும். பைபாஸில் மேலே உருவாக்கும் பை சுமார் 30 மி.லி.தான், ஒரு கோழிமுட்டையைவிடச் சிறியது. முதல் சில வாரங்களுக்கு உள்ளே வீக்கம் இருக்கும், உணர்வு மந்தமாக இருக்கும். போதாக்குறைக்கு, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் ஸ்லீவில் போய்விடுகிறது. பசியே எடுக்காதபோது, பசி அடங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

அதனால் கிண்ணம், கடிகாரம், உடம்பு காட்டும் குறி என்று மூன்று வழிகளையும் முயன்று பார்த்தோம்.

முதலில் கிண்ணம். தொடக்கத்தில் இதை விட்டால் வேறு வழியில்லை. மருந்து மூடியில் 30 மி.லி. தண்ணீரை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உறிஞ்சுவேன். குழந்தைக்குப் பாலாடையில் ஊட்டுகிற மாதிரிதான். அப்புறம் கஞ்சி, மசித்த பருப்பு, குழைந்த சாதம் என்று படிப்படியாக ஏறும்போது ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். உடம்பு எதுவும் சொல்லாத நாட்களில் அந்தக் கிண்ணம் சொல்லும்.

ஆனால் அதில் ஒரு பெரிய குறை உண்டு. ஒரு கிண்ணம் ரசம் சாதமும் ஒரு கிண்ணம் கோழிக்கறியும் வயிற்றுக்கு ஒன்றல்ல. ரசம் சாதம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், கறி தங்கி நிற்கும். இன்னொன்று, தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஏழாவது வாரம் முட்டைப் பொடிமாஸ் சாப்பிட்டேன். கிண்ணத்தில் அரை ஸ்பூன் மீதி இருந்தது, இதற்குப் போய் என்ன என்று வாயில் போட்டேன். நெஞ்செலும்புக்குக் கீழே யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறியது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. நான் அளவு தாண்டவில்லை. அன்றைக்கு என் வயிற்றுக்கு அந்த அளவே அதிகம்.

அடுத்து கடிகாரம். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். சின்ன ஸ்பூன், நன்றாக மெல்வது, விழுங்கியபின் ஸ்பூனைக் கீழே வைப்பது. போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும் என்பதால் இதற்கு அர்த்தம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டால், செய்தி வருமுன் சாப்பாடு எல்லை தாண்டிவிடும். கடிகாரத்துக்கு வேகம் தெரியும், அளவு தெரியாது. அரை மணி ஆனதும் தட்டை எடுத்துவிட வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் கொறித்தால் இந்த வழி ஒன்றுக்கும் உதவாது. தண்ணீருக்கும் கடிகாரம் வேண்டும், சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். கூடவே குடித்தால், கொஞ்ச இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், சிலருக்குச் சாப்பாடும் சீக்கிரம் இறங்கி நிறைவு தெரியாமலே போகும். சோற்றுக்குப் பக்கத்தில் டம்ளர் வைக்கும் பழக்கத்தை விடுவதுதான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

மூன்றாவது, உடம்பின் குறி. எனக்கு மூக்கில் நீர் வடியும். அக்காவுக்கு விக்கல். “யாரோ நினைக்கிறாங்க” என்று அம்மா தண்ணீரை நீட்டுவார், அக்கா தட்டை நகர்த்துவாள். சிலருக்குத் தும்மல், சிலருக்கு ஒரு நீண்ட பெருமூச்சு. குமட்டலும் நெஞ்சு வலியும் வந்தால் ஏற்கெனவே தாண்டிவிட்டோம் என்று பொருள். நான் இப்போது கவனிப்பது அதற்கும் முன்னால் வருகிற ஒன்றை: முதல் வாயில் இருந்த ருசி மங்கும், கை தானாக மெதுவாகும். அங்கே நிறுத்தினால் மூக்கு வடிவதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறேழு மாதம் ஆயிற்று.

குறிகள் விஷயத்தில் ஸ்லீவும் பைபாஸும் ஒரே மாதிரி இல்லை. ஸ்லீவில் வயிற்றின் அடிவாசல் அப்படியே இருப்பதால் குழாய்க்குள் அழுத்தம் சட்டென ஏறும், குறி பலமாக இருக்கும். பைபாஸில் சாப்பாடு அந்த வாசல் வழியாகப் போகாமல் நேராகக் குடலுக்குள் இறங்குகிறது. அக்கா ஒரு விசேஷத்தில் பாயசம் சாப்பிட்டாள். கால் மணியில் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் புரட்டல். வயிறு நிறைந்துவிட்டது போல என்று அவள் நினைத்தாள். அது டம்பிங், சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கியதால் வந்தது. பைபாஸ் செய்தவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

வாந்தியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். என்றோ ஒருநாள் அதிகமாகி வந்தால் அது பாடம். தினமும் வந்தாலோ தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, அன்றே அறுவை செய்த மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாள்கணக்கில் வாந்தி நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு மூன்று மாதம் கிண்ணமும் கடிகாரமும் சேர்ந்தேதான். அந்த நேரத்தில் உடம்பின் பேச்சை மட்டும் நம்பவே கூடாது. அப்புறம் மெல்ல மெல்லக் குறிக்கு மாறலாம். கிண்ணத்தை அளந்து நிரப்புங்கள், ஆனால் காலி செய்தே தீர வேண்டும் என்று உட்காராதீர்கள். இன்று எனக்குச் சோறு, இட்லி, முட்டை, கறி எல்லாவற்றுக்கும் வயிறே போதும் என்று சொல்லிவிடுகிறது.

முறுக்கு, மிக்சர், சிப்ஸ், டீயில் நனைத்த பிஸ்கட், ஐஸ்கிரீம், இவற்றுக்கு மட்டும் வயிறு வாயே திறக்காது. மென்றதும் கரைந்து வழுக்கி இறங்கிவிடும், எவ்வளவு தின்றாலும் அழுத்தமே வராது. நாலு வருடம் ஆனாலும் இதற்குக் கிண்ணம்தான். அக்கா வீட்டு மிக்சர் டப்பாவுக்குள் ஒரு சின்னக் கிண்ணம் எப்போதும் கிடக்கும். அதில் எடுத்துக்கொண்டு, டப்பாவை மூடி மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.